பூவா, தலையா, போலியா?

ஆபீஸில் நாம் ஒரு சின்னத் தப்புப் பண்ணினால் மெமோ வரும். பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட்டில் 2008-ல் ஒரு தப்பு நடந்தது. விளைவு? இருபது பென்ஸ் காசு ஒன்று ஐம்பது பவுண்டுக்கும் அதற்கு மேலும் விலை போக ஆரம்பித்தது!

நடந்தது இதுதான். அந்த வருஷம் சில்லறைக் காசுகளின் டிசைனை மொத்தமாக மாற்றினார்கள். 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் வந்து குவிந்த போட்டியில் ஜெயித்தவர் மாத்யூ டென்ட் என்ற 26 வயது இளைஞர். ஒரு பென்னியிலிருந்து ஐம்பது பென்ஸ் வரை ஆறு காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அரச கேடயம் முழுசாகத் தெரிகிற மாதிரி வரைந்திருந்தார். பிரமாதமான ஐடியா. ஆனால் பழைய இருபது பென்ஸில் வருஷம் 'பூ' பக்கம் இருந்தது. புதுசில் அதைத் தூக்கி, ராணியம்மா இருக்கும் 'தலை' பக்கம் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பழைய தலை அச்சையும் புதுப் பூ அச்சையும் ஜோடி சேர்த்து மிஷினில் மாட்டிவிட்டார். பழைய தலையில் வருஷம் இல்லை; புதுப் பூவிலும் இல்லை. ஆக, பிறந்த தேதியே இல்லாத காசு! பிரிட்டனில் 300 வருஷத்துக்கு மேல் இப்படி நடந்ததில்லையாம். 50,000-லிருந்து 2,00,000 வரை வெளியே போயிருக்கலாம் என்று கணக்கு.

நாணயம் சேர்ப்பவர்களின் பாஷையில் இதற்கு 'மியூல்' என்று பேர். அதாவது கோவேறு கழுதை. சேரக் கூடாத இரண்டு அச்சு சேர்ந்து பிறந்தது!

நாணயம் சேர்ப்பது என்றதும் வெல்வெட் பெட்டியும், பூதக்கண்ணாடியும், பென்ஷன் வாங்கும் தாத்தாவும் ஞாபகத்துக்கு வருகிறார்கள், இல்லையா? பிரிட்டனில் இது இளவட்டங்களின் பொழுதுபோக்கும்கூட. கடையில் மீதி கொடுக்கும் சில்லறையே போதும். இன்னும் தீவிரமான ஆசாமிகள் பாங்குக்குப் போய் ஒரு பத்து பவுண்டு நோட்டை நீட்டி, ஐம்பது பென்ஸ் காசுகள் இருபது அடங்கிய பிளாஸ்டிக் பையை வாங்குகிறார்கள். வீட்டு மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாக ஆராய்ச்சி. தேறாததையெல்லாம் திரும்பக் கட்டிவிட்டு அடுத்த பை. முதல் அப்படியே இருக்கிறது. செலவு கண்வலி மட்டும்தான்.

தேடுவது எதை? பல வருஷங்களாக எல்லோரும் தேடியது கியூ கார்டன்ஸ் காசு. லண்டனில் உள்ள அந்தப் புகழ்பெற்ற தாவரவியல் பூங்காவின் 250-ஆவது ஆண்டுக்காக 2009-ல் போட்ட ஐம்பது பென்ஸ். நடுவில் ஒரு சீன பகோடா. அதைச் சுற்றிக் கொடி. அச்சடித்தது 2,10,000 தான். மற்ற ஐம்பது பென்ஸ்கள் கோடிக்கணக்கில் புழங்கும்போது இது எம்மாத்திரம்? பிறகு மன்னர் சார்லஸ் காலத்துப் புதுக் காசுகள் 2023-ல் வந்தன. அதில் சால்மன் மீன் போட்ட ஐம்பது பென்ஸ் 2,00,000 மட்டுமே வர, கியூவின் கிரீடம் மீனுக்குப் போய்விட்டது.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக 29 விளையாட்டுகளுக்கு 29 ஐம்பது பென்ஸ் போட்டார்கள். நீச்சல் காசில் முதலில் தண்ணீர்க் கோடுகள் நீச்சல்காரரின் முகத்தின் மேலேயே ஓடின. 'முகம் தெரியவில்லையே' என்று கோடுகளை மாற்றிவிட்டுத்தான் புழக்கத்துக்கு அடித்தார்கள். மாற்றுவதற்கு முன்னால் அடித்ததில் ஏதோ கொஞ்சம் வெளியே நழுவிவிட்டது. கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. கால்பந்துக் காசு இன்னும் வேடிக்கை: ஆஃப்சைடு விதியைப் படம் போட்டு விளக்குகிறது. (எல்.பி.டபிள்யூ.வுக்கும் யாராவது ஒரு காசு போட்டால் தேவலை!)

இவையெல்லாம் நிஜமான அபூர்வங்கள். அபூர்வம் மாதிரி வேஷம் போடுகிற சாதாரணங்கள் இதைவிட அதிகம். இரண்டு பென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 பிப்ரவரி 15-ல் பிரிட்டன் தசம முறைக்கு மாறியபோது, பழைய பென்ஸோடு குழம்பாமல் இருக்கக் காசில் 'நியூ பென்ஸ்' என்று போட்டார்கள். 1982-ல் அதை 'டூ பென்ஸ்' என்று மாற்றியாகிவிட்டது. ஆனால் 1983-ல், சேகரிப்பவர்களுக்கென்று விற்ற சில செட்டுகளில் மட்டும் பழைய அச்சு தப்பித் தவறி நுழைந்துவிட்டது. அந்த 1983 'நியூ பென்ஸ்' காசுக்குத்தான் மவுசு. இந்தக் கதையைப் பாதி கேட்டவர்கள் 1971, 1975, 1980 என்று எந்த 'நியூ பென்ஸ்' கிடைத்தாலும் ஆயிரம் பவுண்டு கேட்டு விளம்பரம் கொடுக்கிறார்கள். அவற்றின் நியாயமான விலை இரண்டு பென்ஸ். கேட்கிற விலை வேறு, போகிற விலை வேறு என்பது மயிலாப்பூர் மனைக்கட்டுக்கு மட்டுமல்ல, காசுக்கும் பொருந்தும்.

இரண்டு பவுண்டு காசிலும் இதே கதை. 1997 என்று போட்டிருப்பதில் ராணி கழுத்தில் நெக்லஸ் இருக்கும். 'ஆஹா, கிடைக்காத சரக்கு' என்பார்கள். ஒரு கோடிக்கும் மேல் அடித்திருக்கிறார்கள், ஐயா! 1985 முதல் 1997 வரை ரஃபேல் மக்லூஃப் செதுக்கிய முகம்தான் எல்லாக் காசிலும். அந்த முகத்துக்கு நெக்லஸ் உண்டு. 1998-லிருந்து ஐயன் ரேங்க்-பிராட்லியின் முகம், நெக்லஸ் போயிற்று. அவ்வளவுதான் சமாசாரம். 'விளிம்பில் எழுத்து தலைகீழாக இருக்கிறது' என்று விற்பவர்களும் உண்டு. விளிம்பு எழுத்தை முதலிலேயே பதித்துவிட்டுத்தான் காசை அச்சுக்கு அனுப்புவார்கள். அது எந்தப் பக்கமாக விழும் என்பது மிஷினுக்கே தெரியாது. பாதிக் காசு நேராகவும் பாதிக் காசு தலைகீழாகவும் இருப்பதுதான் இயற்கை.

வீட்டில் ஒரு காந்தம் இருந்தால் இன்னொரு விளையாட்டு. ஒரு பென்னியும் இரண்டு பென்ஸும் ஒரு காலத்தில் முழு வெண்கலம். 1992-ல் சிக்கனம் கருதி இரும்புக்குத் தாமிர முலாம் பூச ஆரம்பித்தார்கள். பழசு காந்தத்தில் ஒட்டாது, புதுசு ஒட்டும். 1998 இரண்டு பென்ஸில் இரண்டு ரகமும் இருக்கிறது. ஒரே முகம், ஒரே வருஷம், ஒன்று ஒட்டும், ஒன்று ஒட்டாது. குழந்தைகளிடம் காட்டினால் மாஜிக் மாமா ஆகிவிடலாம்.

இனி கள்ளக் காசுக்கு வருவோம். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1983 ஏப்ரல் 21-ல் ஒரு பவுண்டு நோட்டுக்குப் பதிலாக வட்டமான ஒரு பவுண்டு காசு வந்தது. மஞ்சள் நிறம், ஒன்பதரை கிராம், கெட்டியான காசு. கள்ளக் காசுக்காரர்களுக்கு அது கற்பகவிருட்சமாகிவிட்டது. 2014 வாக்கில் ராயல் மின்ட்டே கணக்கெடுத்துப் பார்த்தபோது, புழக்கத்தில் இருந்த பவுண்டு காசுகளில் சுமார் முப்பதுக்கு ஒன்று போலி! பஸ்ஸுக்கும் பப்புக்கும் அரசாங்கக் காசு மாதிரியே அதுவும் சமர்த்தாகப் போய் வந்துகொண்டிருந்தது.

அதைப் பிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கள்ளனுக்குப் பித்தளை உருக்கத் தெரிந்தது, படிப்புத்தான் போதவில்லை. பவுண்டு காசின் பூ அடிக்கடி மாறும். 1984-ல் ஸ்காட்லாந்தின் முள்செடி, 1985-ல் வேல்ஸின் லீக் கீரை, 1986-ல் வட அயர்லாந்தின் ஆளிச் செடி, 1987-ல் இங்கிலாந்தின் ஓக் மரம். எந்த வருஷத்துக்கு எந்தப் படம் என்பது நிர்ணயம். போலியில் 1987 என்று போட்டு லீக் கீரை முளைத்திருக்கும்! விளிம்பிலும் அப்படியே. இங்கிலாந்துக் காசில் 'டெக்கஸ் எட் டுட்டாமென்' என்று லத்தீனில் இருக்கும். 'அலங்காரமும் காவலும்' என்று பொருள். ஸ்காட்லாந்துக் காசில் வேறு லத்தீன் வாசகம். வேல்ஸ் காசில் வெல்ஷ் மொழி. லீக் கீரை போட்ட காசின் விளிம்பில் 'டெக்கஸ்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், கள்ளன்தான்.

இன்னொரு சோதனை. தலை நேராக இருக்கும்படி விரலில் பிடித்துக்கொண்டு, புத்தகத்தில் பக்கம் திருப்புகிற மாதிரிக் காசைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அசலில் பூவும் நேராக நிற்கும். போலியில் பூ தூங்கி வழிகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். (நம் ஊர்க் காசுகளுக்கும் இதேதான் முறை; ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்களேன்.) அப்புறம் நிறம். இருபது வருஷம் கை மாறிய காசு கொஞ்சமாவது மங்கியிருக்க வேண்டும். தேதி பழசு, மேனி மட்டும் நேற்றுப் பிறந்த பளபளப்பு என்றால் எங்கேயோ இடிக்கிறது.

இவ்வளவு சுலபமென்றால் ஜனங்கள் ஏன் பிடிக்கவில்லை? ஏனென்றால், பிடித்தால் நஷ்டம். கள்ளக் காசு என்று தெரிந்தும் அடுத்தவர் தலையில் கட்டினால், பிரிட்டனின் 1981 சட்டப்படி பத்து வருஷம் வரை உள்ளே போகலாம். போலீஸில் ஒப்படைக்கலாம், பதிலுக்கு நல்ல காசு தர மாட்டார்கள். ஆக, கடைசியாக உற்றுப் பார்த்தவன் தலையில் துண்டு. பார்க்காதவன் பிழைத்தான்! கோடிக்கணக்கான பேர் காசைப் பார்க்காமலே வாங்கி, பார்க்காமலே கொடுத்தார்கள். பார்த்தவர்கள் இந்தச் சேகரிப்புக் கிறுக்கர்கள்தான். அவர்களில் சிலர் போலிகளையும் ஆல்பத்தில் தனி வரிசையாக அடுக்கி வைத்தார்கள் என்றால் பாருங்கள்.

கள்ளக் காசுக்கு எதிராகப் பிரிட்டன் கொடுத்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ஆப்பிள் விழுந்த கதையில் வருவாரே, அதே ஐசக் நியூட்டன்! 1696-ல் அவரை நாணயச்சாலைக்கு அதிகாரியாகப் போட்டார்கள். ஏதோ கௌரவப் பதவி, சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார் என்று நினைத்திருப்பார்கள். மனுஷர் விடவில்லை. அப்போது வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டி விற்பது ஒரு குடிசைத் தொழில். கள்ள அச்சு இன்னொன்று. நியூட்டன் உளவாளிகளை வைத்து, சாட்சிகளைத் தானே விசாரித்து, கோப்புக் கோப்பாக வாக்குமூலம் சேர்த்தார். வில்லியம் சலோனர் என்ற பலே கில்லாடி, நாணயச்சாலையையே குறை சொல்லி, 'என்னிடம் விட்டால் சரிசெய்கிறேன்' என்று பார்லிமென்ட்டுக்கு யோசனை சொன்னவன். 1699-ல் அவனைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டுத்தான் நியூட்டன் ஓய்ந்தார். அன்றைக்குக் கள்ளக் காசு அடிப்பது ராஜதுரோகம். பெண்களானால் தண்டனை எரிப்பது. 1789 வரைக்கும் அது நடந்தது என்பதைப் படிக்கும்போது உடம்பு சில்லிடுகிறது.

2017-ல் நியூட்டனுக்கு ஒரு ஐம்பது பென்ஸ் போட்டுக் கௌரவித்தார்கள். அதே வருஷம்தான் போலிகளுக்குத் தோற்று வட்டப் பவுண்டுக்கு விடை கொடுத்தார்கள். மார்ச் 28-ல் பன்னிரண்டு பக்கப் புதுப் பவுண்டு வந்தது. அக்டோபர் 15-க்குப் பிறகு பழசு கடையில் செல்லாது. புதுசில் வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. கோணத்தை மாற்றிப் பார்த்தால் பவுண்டு குறி '1' ஆக மாறும். பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற பொடி எழுத்து வேறு. இது தவிர ரகசியமாக ஒரு பாதுகாப்பு அம்சமும் உண்டாம். என்ன என்று சொல்ல மாட்டார்கள். பூவை வரைந்தது டேவிட் பியர்ஸ் என்ற 15 வயதுப் பையன்!

போலி ஒழிந்ததா என்றால், அது விலாசம் மாற்றிக்கொண்டது. அரை பவுண்டு மதிப்புள்ள ஐம்பது பென்ஸை யாராவது மெனக்கெட்டுக் கள்ளத்தனமாக அடிப்பார்களா? கடையில் செலவழிக்க அடிக்க மாட்டார்கள். ஆனால் கியூ காசு நூறு பவுண்டுக்கு மேல் போகிறதே! அதனால் இப்போது போலி தயாராவது சேகரிப்பவர்களுக்காக. அசல் சரியாக 8 கிராம், 27.3 மில்லிமீட்டர். போலியில் எடை முன்னே பின்னே இருக்கும். பகோடாவின் அடுக்குகள் குழைந்து, எழுத்துகள் சோற்றுப் பருக்கை மாதிரி ஊதியிருக்கும். 2019-ல் சேகரிப்பவர்களுக்கென்றே மறுபடியும் ஒரு கியூ வந்தது. அது அசல்தான், ஆனால் தலைப் பக்கம் 2019 என்று இருக்கும். அதை 2009 விலைக்கு வாங்கி ஏமாறாதீர்கள். தேதியில்லாத இருபது பென்ஸுக்கு ஆசைப்பட்டால், ராணியின் தலைக்குப் பக்கத்தில் சுரண்டிய வழுக்கை தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாதா காசில் வருஷத்தை அரத்தால் ராவிவிட்டு விற்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள்.

நம்ம ஊர் 'சவரன்' கூட இந்தக் குடும்பம்தான். கல்யாணப் பேச்சில் எட்டு கிராமைச் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்கிறோமே, அது 7.98 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் தங்கக் காசு விட்டுப் போன பெயர். அதற்கும் இருபதாம் நூற்றாண்டில் வெளிநாடுகளில் போலி அடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலிகளில் பலவற்றில் தங்கம் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. தங்கத்தின் விலையைவிடச் சவரனாக விற்றால் கூடுதல் விலை, அந்த வித்தியாசத்துக்காகவே அடித்தார்கள். 1957-ல் ராயல் மின்ட் மறுபடியும் சவரன் அச்சடிக்க ஆரம்பித்ததற்கு இந்தப் போலிகளின் தொல்லையும் ஒரு காரணம்.

லண்டனில் மச்சான், சித்தப்பா பிள்ளை என்று யாராவது இருந்தால், அடுத்த தடவை வரும்போது சாக்லேட்டோடு பாக்கெட் சில்லறையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முக்கியமாக இருபது பென்ஸும் ஐம்பது பென்ஸும். கையில் கிடைத்ததும் வருஷத்தையும் படத்தையும் பாருங்கள். அப்புறம் விளிம்பு, எடை, காந்தம். அழுக்காக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். துலக்கிய காசைச் சேகரிப்பவர்கள் கையாலும் தொட மாட்டார்கள். 'பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே' என்று குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிற மச்சானாக இருந்தால், சாக்லேட் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.