பங்கர் வெட்டி விளையாடிய பிள்ளை

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியேறி, 2010ஆம் ஆண்டு ஹெந்தளையில் அக்காவின் வீட்டுக்கு வந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. வந்த மூன்றாம் நாள் வளவிலிருந்த பலா மரத்தின் கீழ் சிரட்டையால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"பங்கர் வெட்டுறன் அம்மா. ஷெல் வரப்போகுது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தம்பியை நாங்கள் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இழந்துவிட்டோம். என்னால் தாங்க முடியவில்லை. அவளை அடித்துவிட்டுக் குழியை மூடினேன். அதன் பின் பல நாட்கள் அவள் விளையாடவேயில்லை. சுவரோடு சாய்ந்தபடி இருந்தாள்.

அடுத்த ஒழுங்கையில், மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர் இருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "வாயால சொல்ல முடியாதத அது மண்ணுல சொல்லுது. குழிய மூடாதீங்க, பக்கத்துல இருங்க" என்றார்.

மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா பற்றியும் அவரே சொன்னார். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டு, கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். பிள்ளைகளின் கைக்கு மண்ணும் நிறமும் கொடுத்து, அருகில் அன்பான பெரியவர்கள் இருந்தார்கள்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவம் அல்ல. ஜேர்மன் படைகளின் பிடியில் டென்மார்க் இருந்த 1943இல், கொப்பன்ஹேகன் நகரில் பழைய பலகை, செங்கல், கயிறு போன்றவற்றைக் கொண்டே பிள்ளைகள் தாமே கட்டி விளையாட ஓர் இடம் திறக்கப்பட்டது. யுத்தத்தின் பின் லண்டனில் குண்டு விழுந்த வெற்று நிலங்களிலும் அத்தகைய இடங்கள் தோன்றின.

எங்கள் வளவிலும் அப்படியே செய்தோம். அடுப்படி யன்னலால் பார்த்தால் தெரியும் இடத்தைத் தெரிந்தோம். தாய் கண்ணில் படாவிட்டால் பயந்த பிள்ளை விளையாடாது. பலா மர நிழலில் ஆற்றுமணல் கொட்டி, வாளியில் சிறிது தண்ணீர் வைத்தோம். பழைய ரயர், சிரட்டை, ஆணி பிடுங்கிய பலகை எல்லாம் சேர்த்தோம். அவள் ஒளிந்திருக்க ஆசைப்பட்டபோது கிடுகால் சிறு குடில் கட்டினோம். மறுபடியும் பங்கர் வெட்டினாள். இம்முறை நானும் குந்தியிருந்து மண் அள்ளினேன். பல வாரங்கள் சென்று ஒரு நாள், அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊற்றி, "இது குளம் அம்மா" என்றாள். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

சகோதரிகளே, விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. எமது நாடும் அதை ஏற்றுள்ளது. அதற்கு விலை கூடிய சறுக்குமரம் வேண்டியதில்லை. நிழலும் மணலும், தினமும் ஒரே நேரத்தில் வந்து அருகில் இருக்கும் ஒரு பெரியவரும் போதும். யுத்தம் நடந்த நிலங்களில் வாழ்வோர், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்று உறுதி செய்த பின்னரே பிள்ளைகளை மண் கிண்ட விடுங்கள். தெரியாத இரும்பு எதையும் தொடாதிருக்கப் பழக்குங்கள். பிள்ளை நெடுநாள் விளையாடாமலும் பேசாமலும் இருந்தால் மருத்துவரிடமோ உளவளத்துணையாளரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் பிள்ளை பங்கர் வெட்டினால் என்னைப் போல் மூடிவிடாதீர்கள். பக்கத்தில் போய் இருங்கள்.