உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் விளையும் உரம்

ஸ்பெயினின் புவெர்தோயானோ, ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர். 2022இல் இபெர்த்ரோலா நிறுவனம் அங்கே 100 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு, 20 மெகாவாட்-மணி பேட்டரியையும் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் 20 மெகாவாட் எந்திரத்தையும் இணைத்தது. பேட்டரியில் சேமிப்பது, அந்த எந்திரம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடத் தேவையான மின்சாரம்தான். மேகம் கடக்கும்வரை சமாளிக்கலாம். இரவைத் தாண்ட முடியாது.

ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அதை மறுபடி மின்சாரமாக்கினால் பாதிகூடத் தேறாது. பேட்டரியில் போட்டதோ பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால் அங்கே ஹைட்ரஜனை மின்சாரமாக்குவதில்லை (புத்திசாலித்தனம்தான்!). அது அந்த ஊர் உர ஆலைக்குக் குழாயில் போய் உரத்துக்கான அமோனியா ஆகிறது, இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனில் ஒரு பங்குக்குப் பதிலாக.