பூ பிஞ்சாகும் காலம்

தமிழகத்திலிருந்து பிம்ப்ரியில் குடியேறிய குடும்பங்கள் பல, விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது ஒரு சிறு பொட்டலத்தையும் கொண்டுவருகின்றன. சுரை, பாகல், வெண்டை, கத்தரி ஆகியவற்றின் விதைகள் அதில் இருக்கும். பாட்டி தம் கையால் உலர்த்தி, சாம்பல் கலந்து முடிந்து கொடுத்த விதைகள் அவை. கடையில் வாங்கிய விதை பொய்த்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இவ்விதை பொய்த்தால், அடுத்த முறை ஊருக்குச் செல்லும் வரை காத்திருக்க வேண்டும். எனவே, மாடித் தோட்டத்தில் கோடையின் தொடக்கம் கவலையும் எதிர்பார்ப்பும் கலந்த காலமாகும்.

பட்டம் அறிதல்

பயிரிடுவதற்கு ஏற்ற பருவத்தைப் 'பட்டம்' என்பர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழகத்துப் பழமொழி. ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறக்கிறது. அவ்வேளையில் பிம்ப்ரியில் தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். தொட்டியில் நீர் தேங்கினால் விதை முளைக்காமலே அழுகிவிடும். ஆகவே, பழமொழி கூறும் மாதத்தை விட, 'காலம் அறிந்து விதை' என்னும் அதன் கருத்தையே இங்குக் கைக்கொள்ள வேண்டும். பிம்ப்ரியில் கோடைக் காய்களுக்குரிய விதைகளைத் தை இறுதியிலும் மாசியிலும் ஊன்றுவர். வெண்டை ஏறத்தாழ 40 நாள்களில் பூக்கத் தொடங்கும். பங்குனியில் கொடிகளும் பந்தலேறிப் பூக்கும்.

பூ உதிர்வது ஏன்?

இப்பருவத்தில்தான் பலர் மனந்தளர்கின்றனர். காலையில் கதவைத் திறந்தால், தொட்டியைச் சுற்றிப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். 'இத்தனை பூத்தும் ஒரு பிஞ்சும் இல்லையே!' என்று வருந்தி, செடியையே பிடுங்கி எறிபவரும் உண்டு. பிடுங்குமுன் உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துப் பார்த்தல் நன்று.

சுரை, பாகல், பீர்க்கு, பூசணி ஆகிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே தோன்றும். பெண்பூவின் அடியில் சிறு காய் போன்ற பருத்த பகுதி இருக்கும். ஆண்பூவில் மெல்லிய காம்பு மட்டுமே இருக்கும். பெரும்பாலும் ஆண்பூக்களே முதலில் தோன்றும்; ஒரு நாளில் வாடி உதிரும். அவை உதிர்வது இயல்பே, இழப்பன்று. பெண்பூ பிஞ்சாகாமல் வெம்பி உதிர்ந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

முதற்காரணம், மகரந்தம் சேராமை. உயர்ந்த மாடிகளுக்குத் தேனீக்கள் குறைவாகவே வரக்கூடும். அப்போது ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவலாம். பாகற்பூ காலையில் மலரும். சுரைப்பூ மாலையில் மலரும். அந்தந்தப் பூவுக்குரிய வேளையில் இதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டாம் காரணம், வெப்பம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைக் கடந்து நீடித்தால், தக்காளியின் மகரந்தம் ஆற்றல் குன்றும், பூக்கள் உதிரும். பிம்ப்ரியில் சித்திரை வெயில் இந்த அளவை எளிதில் கடக்கிறது. தொட்டிகளை நெருக்கி வைத்து, பிற்பகலில் நிழல்வலையால் மறைப்பு அமைத்தால் செடிக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும்.

குடியிருப்பு வளாகத்து மாமரமும் தன் பூக்களிலும் பிஞ்சுகளிலும் பெரும்பகுதியை உதிர்த்துவிடுகிறது. தன்னால் தாங்கக்கூடிய அளவை மட்டுமே மரம் காயாக்குகிறது.

சொல்லில் உள்ள தோட்டம்

இம்மாற்றங்களை நுணுகிக் கண்ட தமிழர், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் வைத்தனர். பூவின் தோற்றநிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. விரிந்த நிலை மலர். கீழே விழுந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். பிஞ்சுகளுக்கும் தனிப்பெயர்கள் உண்டு. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனை ஆகியவற்றின் இளம்பிஞ்சு குரும்பை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் தொகுத்து விளக்கியுள்ளார். மராத்தியில் 'கைரி' எனப்படுவது தமிழில் மாங்காய். அதற்கு முந்தைய நிலையே வடு.

அளந்த நீர்

பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகருக்குப் பவனா அணையே முதன்மையான நீர்த்துணை. மாவள் வட்டத்து வயல்களுக்கும் அந்நீர் வேண்டும். 2019 நவம்பரில் மாநகராட்சி, ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கும் முறைக்கு மாறியது. ஆகவே, தோட்டத்திற்குக் குழாய்நீரைத் தாராளமாக ஊற்ற இயலாது, ஊற்றுவதும் முறையன்று.

அரிசியும் பருப்பும் காய்கறியும் கழுவிய நீரைச் சேர்த்து வைத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். உப்பு கலந்த நீரைத் தவிர்க்க வேண்டும். காய்ந்த இலைகளையோ நன்கு உலர்த்திய கரும்புச் சக்கையையோ மண்ணின்மேல் பரப்புவதை 'மூடாக்கு' என்பர். அது மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாமல் காக்கும்.

நண்பகலில் இலைகள் துவண்டிருப்பதைக் கண்டதும் நீர் ஊற்ற வேண்டுவதில்லை. மாலையில் அவை நிமிர்ந்துவிட்டால், அது வெயிலின் வாட்டமே. விடியற்காலையிலும் துவண்டிருந்தால், விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரற்கணு ஆழத்திலும் மண் உலர்ந்திருந்தால் உடனே நீர் தேவை.

ஒரு காயை விட்டுவைத்தல்

கோடைத் தொடக்கத்தில் தோட்டத்தின் வளர்ச்சியைக் கொடியின் நீளத்தால் மட்டும் அளத்தல் போதாது. எத்தனை பெண்பூக்கள் பிஞ்சாயின என்பதே உண்மையான கணக்கு. அப்பிஞ்சுகளுள் நன்கு பருத்த ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விட வேண்டும். சுரைக்காய் ஓடு கடினமாகி, குலுக்கினால் விதைகள் ஒலிக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். ஜூன் மாதத்தில் மழை தொடங்குமுன் அதனை உடைத்து, விதைகளை நிழலில் உலர்த்தி வைக்கலாம். அதன்பின், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பாட்டிக்கு ஒரு சிறு பொட்டலம் கொண்டுபோகலாம்.