அந்தியும் ஒளிப்படமும்

நுழையும்முன்

ஓடும் நொடியைப் பிடித்து நிறுத்துவதே ஒளிப்படம் எனப் பலரும் கருதுவர். பல நொடிகளை ஒரே படத்துள் சேர்த்துவைக்கும் முறையும் உண்டு. 'நீள்நேர ஒளிப்பதிவு' எனப்படும் அம்முறை எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வானும் விளக்கும்

மும்பையின் மெரைன் டிரைவ் சாலை, நரிமன் முனையிலிருந்து மலபார் குன்றின் அடிவாரம் நோக்கி அரபிக்கடலின் ஓரமாக ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் வளைந்து செல்கிறது. விளக்குகள் ஒளிரும்போது அவ்வளைவு முத்துமாலைபோல் தோன்றுவதால், 'அரசியின் கழுத்தணி' என்று அதனைச் சிறப்பித்துக் கூறுவர். சாலையோரம் ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றை உள்ளடக்கிய கட்டடத்தொகுதி 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இக்காட்சியைப் படமாக்க விரும்புவோர் எற்பாடு கழிந்து மாலை தொடங்கும் வேளைக்காகக் காத்திருப்பர். கதிரவன் மறைந்தவுடன் வானம் விளக்குகளை விஞ்சி ஒளிரும். அப்போது எடுக்கும் படத்தில் விளக்குகள் மங்கிப்போகும். முழுதும் இருண்டபின் எடுத்தாலோ வானம் கரிய திரையாகிவிடும். கட்டடங்களின் விளிம்புகள் அதனுள் கரைந்துவிடும். விளக்குகளின் ஒளி மாறுவதில்லை. வானின் ஒளியோ குறைந்துகொண்டே வருகிறது. இரண்டும் ஒத்துநிற்கும் சில நிமிடங்களே படத்திற்கு உரியவை. அவ்வேளையில் வானம் ஆழ்ந்த நீலமாகத் தோன்றும். வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள ஓசோன், கதிரொளியின் மஞ்சள், செம்மஞ்சள் கூறுகளை உறிஞ்சிக்கொள்வதே அதற்கு முதன்மையான காரணமாகும்.

கதிரவன் தொடுவானத்திற்குக் கீழே 6 பாகை இறங்குவதற்கு மும்பையில் ஏறத்தாழ 22 முதல் 24 நிமிடங்கள் ஆகும். இலண்டனின் சூன் மாதத்தில் முக்கால் மணிநேரத்திற்கும் மேலாகும். வெப்பமண்டலப் பகுதிகளில் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதும், வடக்கே சாய்வாக இறங்குவதும் இவ்வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றன.

ஒளியை அளத்தல்

படத்தில் பதியும் ஒளியின் அளவை வில்லையின் துளையும், 'ஷட்டர்' எனப்படும் ஒளிக்கதவு திறந்திருக்கும் நேரமும் முடிவுசெய்கின்றன. அவ்வொளியைக் கருவி எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. எண் குறிக்கிறது. இவ்வெண்ணை மிகுத்தால் குறைந்த நேரத்திலேயே படம் கிடைக்கும். ஆயினும் படத்தில் புள்ளிகள் மலிந்து தெளிவு கெடும். எனவே அந்திக்காட்சிக்கு ஐ.எஸ்.ஓ. எண்ணை 100 எனக் குறைவாக வைத்து, நேரத்தை நீட்டிப்பர்.

துளை எண் 8 எனில் 8 நொடிகள் போதுமானவை என்று கொள்வோம். துளை எண்ணை 16 ஆக்கினால் துளையின் விட்டம் பாதியாகும். பரப்போ நான்கில் ஒன்றாகும். ஆகவே அதே அளவு ஒளியைப் பெற 32 நொடிகள் தேவைப்படும். அத்தனை நொடிகளும் கருவி அசையாதிருத்தல் வேண்டும். முக்காலியின்மேல் பொருத்தி, பொத்தானை அழுத்தியபின் 2 நொடிகள் கழித்துக் கதவு திறக்குமாறு அமைப்பர். விரல் பட்டதால் எழுந்த அதிர்வு அதற்குள் அடங்கிவிடும்.

மறைந்த மாந்தர்

இவ்வாறு பதிவான படத்தில் அலைகள் பனிப்படலமாகின்றன. ஊர்திகளின் விளக்குகள் வெண்மையும் செம்மையுமான கோடுகளாகின்றன. நடந்து செல்வோரோ காணாமற்போகின்றனர். 8 நொடிப் பதிவில் ஒருவர் ஓரிடத்தை அரைநொடியில் கடந்தால், அவ்விடத்தில் பதியும் நேரத்தின் பதினாறில் ஒரு பங்கே அவருக்கு உரியது. எஞ்சிய பதினைந்து பங்கும் பின்னணியின் ஒளியே. அதனால் அவர் உருவம் அதில் மூழ்கிவிடுகிறது. கடலோரச் சுவரில் அசையாமல் அமர்ந்திருப்பவர் மட்டும் படத்தில் நிலைக்கிறார்.

ஒளிப்படக்கலை தோன்றிய காலத்திலேயே இந்நிகழ்வு வெளிப்பட்டது. 1838ஆம் ஆண்டு லூயி டாகேர், பாரிசின் புல்வார் தூ தாம்பிள் தெருவைப் படமெடுத்தார். அன்றைய தகடுகள் காட்சியைப் பதிவுசெய்யப் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. வண்டிகளும் மக்களும் நிறைந்த அத்தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரும், அப்பணியைச் செய்தவரும் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றனர். மனிதர் இடம்பெற்ற மிகப் பழைய ஒளிப்படங்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

ஒளிப்படம் பொய் சொல்லாது என்பது பொதுநம்பிக்கை. டாகேரின் படத்தை மட்டும் சான்றாகக் கொண்டால், பாரிசின் அத்தெருவில் அன்று இருவரே இருந்தனர் என்று முடிவுசெய்ய நேரும். படம் ஒளியை உள்ளவாறே பதிந்திருக்கிறது. எனினும் அம்முடிவு தவறானது. ஒரு படத்தில் காணப்படாதது அவ்விடத்தில் இல்லாதது ஆகிவிடாது. ஆகவே ஒளிப்படத்தைச் சான்றாக ஏற்போர், அதில் உள்ளவற்றைக் காண்பதோடு, அது எவ்வளவு நேரம் பதியப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.