பால்மரக் காட்டில் சிறுவனும் நாயும்

மலாயாவின் கிள்ளான், காப்பார், கேரித் தீவு வட்டார ரப்பர் தோட்டங்களில் அந்நாளில் விடியுமுன்னே பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்துவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் தாராளமாக வடியும். அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவுவார். மகன் பால் வடியும் கிண்ணங்களான மங்குகளில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கூடையில் போடுவான். இருவருக்கும் முன்னால், அவர்கள் குடியிருந்த லயத்து நாய் ஓடும்.

மரத்தடிச் சருகில் நாகம் சுருண்டிருந்தால் முதலில் குரைப்பது அதுதான். இங்குள்ள கருநாகம் கண்ணைக் குறிபார்த்து நஞ்சை உமிழக்கூடியது. பால் மங்கை எடுக்கக் குனியும் சிறுவனின் முகம் அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். காட்டோர நிரைகளில் குட்டிகளோடு நிற்கும் காட்டுப்பன்றியையும் நாயே எதிர்த்தது. கோரைப்பல்லால் வயிறு கிழிபட்ட நாய்கள் உண்டு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆனாலும் பிள்ளைகளின் உழைப்பு நிற்கவில்லை.

கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் வணிகத்துக்காக நடப்பட்ட செம்பனை, பின்னாளில் பால்மரத்தின் இடத்தைப் பிடித்தது. உதிர்ந்த பழத்துக்கு எலி வந்தது; எலிக்குப் பாம்பு வந்தது. பழம் பொறுக்கும் சிறுவன் மட்டைக் குவியலில் கைவிடுமுன் நாயை ஏவிப் பார்த்தான்.

அம்மாவுக்குத் துணைபோன பிள்ளையின் பெயர் பெரும்பாலும் தோட்டக் கணக்கரான கிராணியின் ஏட்டில் ஏறவில்லை. அவன் உழைப்பும் நாயின் காவலும் அம்மாவின் எடைக்கணக்கில்தான் சேர்ந்தன.