பெட்டிக்குள் என்ன விலை?

பண்டிகை நெருங்கும்போது கடைக்காரர் பிஸ்கட் டின்களை அடுக்கி வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதே பிஸ்கட்டைப் பொட்டலமாக வாங்கினால் ஒரு விலை, பூப்போட்ட டின்னில் வாங்கினால் வேறு விலை. டின்னுக்கு எவ்வளவு, உள்ளே இருப்பதற்கு எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரரே சிரித்துவிடுவார். நேயர்களே, இன்று நாம் பேசப்போவதும் ஒரு பெட்டியின் விலையைப் பற்றித்தான். ஆனால் அதற்குள் இருப்பது தின்பண்டம் அல்ல, ஒரு விளையாட்டு.

வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்று இதைச் சொல்லலாம். நம் வீடுகளில் ஆடும் தாயத்தைப் போல இதற்கும் பகடை உண்டு. ஆனால் காய் நகர்த்துவது இங்கே பெரிதல்ல. ஒருவர் கதை சொல்லியாக அமர்ந்து, “காட்டு வழியில் ஒரு பாழடைந்த கோட்டை தெரிகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பதில் சொல்வார்கள். எண்ணியது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அப்படியானால் இதற்கு வேண்டியது வாயும் கற்பனையும்தானே, பெட்டி எதற்கு, அதற்கு விலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

முதல் பெட்டி 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கிய அந்த விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை வெளியிட டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியபோது கைகாக்ஸின் கையில் போதிய பணம் இல்லை. அவருடைய நண்பர் டான் கே என்பவர் தம் ஆயுள் காப்புறுதியின் பேரில் ஆயிரம் வெள்ளி கடன் வாங்கிப் போட்டார். பிறகு வந்த மற்றொரு பங்காளி இரண்டாயிரம் வெள்ளி கொண்டுவந்தார். அந்த முதலில்தான் ஆயிரம் பெட்டிகள் தயாராயின. பெட்டிக்குள் இருந்தவை மூன்று சிறு புத்தகங்களும் சில தாள்களும். விலை பத்து அமெரிக்க வெள்ளி. பகடையை வேறாக வாங்க வேண்டும். பெட்டிகளை வீட்டிலேயே கையால் அடுக்கிக் கட்டினார்கள். ஆயிரமும் விற்றுத் தீர்ந்தன. ஆனால் காப்புறுதியை ஈடு வைத்த டான் கே, விளையாட்டின் பெரும் வெற்றியைக் காணாமலே 1975 ஜனவரியில் காலமானார்.

வீட்டில் கட்டி நேராக விற்கும்வரை கணக்கு எளிது. கடை கடையாகப் போகத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பெட்டியின் மேல் இருபது வெள்ளி என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இருபதும் தயாரித்தவருக்குப் போய்ச் சேருவதில்லை. சில்லறைக் கடைக்காரருக்கு ஏறக்குறையப் பாதி. கடைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு இன்னொரு பங்கு. கடைசியில் தயாரித்தவர் கைக்கு வருவது எட்டு வெள்ளியைச் சுற்றித்தான் இருக்கும். அந்த எட்டில் அச்சுக்கூலி, அட்டைப்பெட்டி, பகடை, கப்பல் கூலி எல்லாம் போக வேண்டும். எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் கொடுக்க வேண்டும். ஆகவே தயாரிப்புச் செலவைப் போல் ஐந்து மடங்காவது விலை வைக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பலர் கைக்கொள்ளும் கணக்கு. நாலு வெள்ளி செலவானால் இருபது வெள்ளி விலை.

இப்போது ஒருவர் வந்து, “பெட்டிக்குள் அழகான வண்ண வரைபடம் ஒன்று போடுவோமே, ஒரு வெள்ளிதானே கூடும்” என்கிறார். நமக்கும் சரி என்றே தோன்றும். ஆனால் ஐந்து மடங்குக் கணக்கின்படி அந்த ஒரு வெள்ளி, கடையில் ஐந்து வெள்ளியாகிவிடும். விலையை உயர்த்தாமல் விட்டாலோ, தயாரித்தவருக்கு மிஞ்சிய நாலு வெள்ளியில் ஒன்று போய்விடும். கால் பங்கு இலாபம் ஒரு தாளில் மறைந்துவிட்டது! பிள்ளைகள் பெட்டியைத் திறந்து வரைபடத்தை விரித்து மகிழும்போது இந்தக் கணக்கு யார் கண்ணுக்கும் தெரியாது.

பகடையின் கதை இன்னும் வேடிக்கை. இந்த விளையாட்டுக்கு நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பலவிதப் பகடைகள் வேண்டும். 1979-வாக்கில் டி.எஸ்.ஆர். நிறுவனத்துக்குப் போதிய பகடைகள் கிடைக்கவில்லை. புத்தகம் தயார், பெட்டி தயார், ஆனால் காசு பெறாத பகடைக்காக எல்லாம் காத்துக் கிடக்க வேண்டும். அவர்கள் காத்திருக்கவில்லை. எண்கள் அச்சிட்ட அட்டைத் தாளைப் பெட்டிக்குள் வைத்து, “வெட்டிக் குவளையில் போட்டுக் குலுக்கி எடுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள்.

வரியும் பெட்டியின் விலையில் கை வைக்கிறது. பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு விற்பனை வரி கிடையாது. விளையாட்டுப் பெட்டி என்றால் நூற்றுக்கு இருபது. அதனால் அதே விதிகளைக் கெட்டி அட்டைப் புத்தகமாகப் போட்டுவிடுவது அங்கே இலாபம்.

1990-களில் டி.எஸ்.ஆர். நிறுவனம் பெரிய பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்தது. கண்ணைப் பறிக்கும் படங்கள், பல புத்தகங்கள், மடித்து வைத்த வரைபடங்கள். அவற்றில் சில அடக்க விலைக்கும் குறைவாக விற்கப்பட்டன என்று பின்னாளில் கணக்கைப் புரட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நட்டத்தில் போகும் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. விற்காமல் கிடந்தாலும் நட்டம், நன்றாக விற்றால் இன்னும் நட்டம். பெட்டிக்கு எட்டு வெள்ளி வந்து ஒன்பது வெள்ளி செலவானால், பத்தாயிரம் பெட்டி விற்றவர் பத்தாயிரம் வெள்ளி கடனாளி. போதாததற்கு, புத்தகக் கடைகள் விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. சரக்கு அனுப்பியதுமே முன்பணம் வந்ததால் அதை வருமானம் என்றே செலவழித்துவிட்டார்கள். சரக்கு திரும்பி வந்தபோது அந்த வருமானமே கடனாக நின்றது. பாக்கிக்காக அச்சகம் அச்சிட மறுத்தது. சம்பளத்துக்கு முன் கடையில் பற்று எழுதி வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்னும் வேறொரு நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது.

வாங்கியவர்கள் பெட்டியை விட்டுவிடவில்லை. 2014-இல் தொடக்கப் பெட்டி ஒன்றை 19 வெள்ளி 99 காசுக்கு வெளியிட்டார்கள். 32 பக்க விதி நூல், 64 பக்கக் கதை நூல், ஐந்து வேடத் தாள்கள், ஆறு பகடைகள். இவ்வளவும் இருபது வெள்ளிக்கா என்று வியக்கலாம். அதே ஆண்டு வந்த முழு விதி நூல் ஒன்றுக்கு மட்டும் ஏறக்குறைய ஐம்பது வெள்ளி! சின்னப் பெட்டி வாசற்படி. அதில் கால் வைத்தவர் பெரிய நூலையும் வாங்குவார் என்பதுதான் எதிர்பார்ப்பு. இதை ஏமாற்று என்று நாம் சொல்ல மாட்டோம். அந்தப் பெட்டி ஒன்றை வைத்தே பல வாரங்கள் ஆடலாம். அதிலுள்ள கதை முடியும்வரை வேறெதுவும் வாங்கத் தேவையில்லை.

ஆகவே பிள்ளை இப்படி ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டால், எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, அதிலுள்ளதை மட்டும் கொண்டு ஆட முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது. பகடை உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பெட்டியைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காரலாம். லயத்தில் நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து காசு போட்டு வாங்கினால் ஆளுக்கு விழுவது கால் பங்கு விலைதான். கதை சொல்லியாக யார் உட்காருவது என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.