புற்றின் பசியும் மருந்தின் தோல்வியும்

எலியின் கல்லீரல் கட்டி, நலமான கல்லீரலைவிட அதிகமாக யுராசிலை இழுத்துக்கொள்வது 1954-ல் தெரியவந்தது. ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று யுராசில். அந்தப் பசிக்கே தூண்டில் போட்டார் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கர். யுராசிலில் ஒரு ஹைட்ரஜன் அணு இருந்த இடத்தில் ஃபுளோரினைப் பொருத்தி, 1957-ல் அவர் குழு அறிவித்த மருந்துதான் 5-ஃபுளோரோயுராசில். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை இன்றும் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைகிறது.

ஆனால் பல நோயாளிகளுக்குச் சில மாதங்களில் கட்டி மறுபடி வளரத் தொடங்குகிறது. ஏன்?

செல் பிரிய டி.என்.ஏ. வேண்டும். அதற்கான தைமிடிலேட்டைத் தயாரிக்கும் என்சைமின் பெயர் தைமிடிலேட் சிந்தேஸ். மருந்து இதைத்தான் முடக்குகிறது. இந்த என்சைமுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: சும்மா இருக்கும்போது, தன்னை உருவாக்கும் ஆர்.என்.ஏ.வின் மீதே ஒட்டிக்கொண்டு உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருக்கும். மருந்து வந்து பிடித்ததும் அந்த ஆர்.என்.ஏ. விடுபடுகிறது, என்சைம் இன்னும் அதிகமாகத் தயாராகிறது. மருந்து வேலை செய்வதே எதிர்ப்புக்கு வழி திறக்கிறது என்பதுதான் இதில் வேதனை.

டிபிடி என்ற இன்னொரு என்சைம் மருந்தையே சிதைக்கிறது. செலுத்தும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் கல்லீரலிலேயே இப்படி அழிகிறது. கட்டிக்குள்ளும் டிபிடி மிகுந்தால் மருந்து அங்கேயே வலுவிழக்கும். மாறாக, உடலில் அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே உயிரைப் பறிக்கலாம். சிகிச்சைக்கு முன் இதைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் பரிந்துரைத்தது. எல்லா நாட்டு நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு இது.

அடுத்தது சர்க்கரை. ஆக்சிஜன் இருந்தாலும் புற்றுசெல் குளுகோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக மாற்றுவதை 1920-களிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டார். அந்தக் குளுகோஸில் ஒரு பங்கு, செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற மூலக்கூறைத் தயார்நிலையில் வைத்திருக்க உதவுகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இணை மருந்தைப் பிடித்துச் செயலிழக்க வைப்பது இதே குளுட்டாதயோன்தான்.

இந்தச் சர்க்கரைப் பசிக்கும் தூண்டில் போட முடியுமா? ஆக்சிஜனேற்றமடைந்த வைட்டமின் சி, குளுகோஸ் நுழையும் வாயில் வழியாகவே செல்லுக்குள் போய்க் குளுட்டாதயோனைத் தீர்த்துவிடுவதை புற்றுநோய் ஆய்வாளர் லூயிஸ் கான்ட்லியின் குழு 2015-ல் காட்டியது. சீனாவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2022-ல் வந்தது: கீமோவோடு வைட்டமின் சி சேர்த்ததால் மொத்த நோயாளிகளுக்குக் கூடுதல் பலன் இல்லை. கட்டியில் ராஸ் என்ற ஜீன் மாறியிருந்தவர்களிடம் மட்டும் நோய் கட்டுக்குள் இருந்த காலம் சற்று நீண்டது. அங்கே தந்தது ரத்தக்குழாய் வழியாக, மிக அதிக அளவில். மருந்துக்கடை மாத்திரை எத்தனை விழுங்கினாலும் ரத்தத்தில் அந்த அளவு ஏறாது.